திருகும் மரையும்

நுழையும்முன்

மிதிவண்டியின் மிதிகட்டை, தண்ணீர்ப் புட்டியின் மூடி, குழாயின் வாய், மூக்குக் கண்ணாடியின் சிற்றாணி என நாள்தோறும் கைபடும் பொருள்களில் எல்லாம் ஒரு வரி சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அதனை மரை என்பர். பொருந்தியிருக்கும்வரை அது கண்ணில் படுவதில்லை. பொருந்தாதபோதுதான் அதன் அருமை தெரிகிறது. அவ்வரியின் வடிவக்கணக்கு யாது, அதனைக் கணினித்திரையில் எவ்வாறு உருவாக்குவது, தேவைக்கேற்ற புதிய மரையை எப்போது வகுக்கலாம், எப்போது வகுக்கலாகாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பொருந்தா மரை

1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முற்பகலில் வணிகக் கட்டடம் ஒன்றில் பற்றிய தீ, கடுங்காற்றின் துணையோடு தெருத்தெருவாகப் பரவியது. உள்ளூர்த் தீயணைப்புப் படையால் அதனை அடக்க இயலவில்லை. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து வீரர்களும் வண்டிகளும் விரைந்து வந்தனர். ஆள்கள் இருந்தனர், குழாய்கள் இருந்தன, தெருமுனைகளில் நீர்க்குழாய்க் கம்பங்களும் இருந்தன. ஆயினும், வந்தவர்களுள் பலரின் குழாய்கள் பால்டிமோர் நகரின் நீர்க்கம்பங்களோடு இணையவில்லை. இணைப்பு வாயின் விட்டமும் மரையின் அளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததே காரணம்.

ஏறத்தாழ முப்பது மணிநேரம் எரிந்த அப்பெருந்தீயில் 1500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. காற்றும் கட்டட நெருக்கமும் அழிவுக்குக் காரணங்களாக இருந்தன என்றாலும், உதவிக்கு வந்தவர் கையில் கருவி இருந்தும் அது பயன்படாமற்போனதே அந்நாட்டை உலுக்கியது. பின்னர் அந்நாட்டின் தேசியத் தர அலுவலகம் ஆராய்ந்தபோது, நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட வகையான தீயணைப்புக் குழாய் இணைப்புகள் வழக்கிலிருந்தது தெரியவந்தது. 1905ஆம் ஆண்டு குழாய் இணைப்புக்கெனப் பொதுவானதொரு தர அளவு ஏற்கப்பட்டது.

அந்த 600 வகைகளுள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம் ஊருக்குச் சரியென எண்ணி வகுத்த அளவேயாகும். தனித்து நோக்கினால் அவற்றுள் எதுவும் பிழையன்று. ஒன்றோடொன்று சேரும்போதுதான் பிழையாயிற்று. இன்று கணினி வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் புதியதொரு மரையைத் திரையில் வரைந்துவிடலாம். அவ்வாறு வரைபவர் கற்கவேண்டிய முதற்பாடம் பால்டிமோர் தெருக்களில் இருக்கிறது.

சொல்லும் பொருளும்

திருகாணியின்மேல் சுற்றி ஓடும் வரம்பும் பள்ளமும் சேர்ந்ததே மரை. ஆணியின் வெளிப்புறத்தில் அமைவது புறமரை. அது சென்று பொருந்தும் சுரையின் உட்புறத்தில் அமைவது அகமரை. நிலைகெட்டுப் பேசுபவரை ‘மரை கழன்றவர்’ என்று குறிக்கும் பேச்சுவழக்கு, பொறியின் உறுதி மரையின் பிடிப்பில் உள்ளது என்பதை மக்கள் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

புரி என்னும் சொல் முறுக்குதலைக் குறிக்கும். கயிற்றின் ஒவ்வோர் இழையும் ஒரு புரி. மூன்று இழைகளை முறுக்கினால் அது முப்புரிக் கயிறு. மரையில் ஒரு முழுச் சுற்றையும் புரி எனலாம். அடுத்தடுத்த இரு புரிகளின் முகடுகளுக்கு இடையே அச்சுக்கு இணையாக உள்ள தொலைவு புரியிடைவெளி எனப்படும். பட்டறைகளில் இதனைப் ‘பிட்ச்’ என்பர்.

சுருள் வடிவங்கள் எல்லாம் ஒன்றல்ல. கொசுவத்திச் சுருள் தரையில் படிந்த ஒரே தளத்தில், நடுவிலிருந்து விலகிக்கொண்டே செல்கிறது. அது தட்டைச்சுருள். திருகாணியின் வரியோ அச்சிலிருந்து ஒரே தொலைவில் நின்று சுற்றிக்கொண்டே முன்னேறுகிறது. இது திருகுசுருள். சுருள்வில், சுழற்படிக்கட்டின் கைப்பிடி, உயிரணுவின் டி.என்.ஏ. மூலக்கூறு ஆகியவை திருகுசுருள் வடிவின. கணினி மென்பொருள்களில் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் ஒரே கட்டளைப்பெட்டியில் இடம் இருப்பதால், வேறுபாட்டை முதலிலேயே தெளிந்துகொள்வது நன்று.

சாய்தளமே மரை

செங்கோண முக்கோண வடிவில் ஒரு தாளை வெட்டி, அதன் அடிப்பக்கம் எழுதுகோலைச் சுற்றி வருமாறு சுருட்டினால், முக்கோணத்தின் கர்ணம் எழுதுகோலின்மேல் திருகுசுருளாக ஏறும். மரையின் கணக்கு முழுவதும் இச்சிறு செயலில் அடங்கியுள்ளது. முக்கோணத்தின் அடிப்பக்கம் உருளையின் சுற்றளவு. அதன் உயரம் ஒரு சுற்றில் வரி முன்னேறும் தொலைவு. கர்ணத்தின் சாய்வே மரையின் ஏற்றக்கோணம். எனவே, மரை என்பது உருளையைச் சுற்றிய சாய்தளமேயன்றி வேறன்று.

எடுத்துக்காட்டாக, வெளிவிட்டம் 10 மி.மீ., புரியிடைவெளி 1.5 மி.மீ. கொண்ட எம்10 திருகாணியைக் கொள்வோம். வெளிச்சுற்றளவு ஏறத்தாழ 31.4 மி.மீ. இவ்வளவு தொலைவு சுற்றினால் ஆணி முன்னேறுவது 1.5 மி.மீ. மட்டுமே. அதாவது, ஏறத்தாழ இருபத்தொன்றுக்கு ஒன்று என்னும் மெல்லிய சாய்வு. மரையின் நடுவிட்டத்தில் கணக்கிட்டால் ஏற்றக்கோணம் 3 பாகை அளவில் அமையும். சாய்வு இத்துணைச் சிறிதாக இருப்பதால் உராய்வு ஆணியைத் தானே பின்னோக்கிச் சுழலவிடுவதில்லை. இறுக்கிய திருகாணி இறுகியே நிற்பதன் காரணம் இதுவே.

அளவு ஒன்றான வரலாறு

திருகுசுருளின் பயனை மனிதன் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தான். நீரிறைக்கும் திருகுக் கருவி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடிசின் பெயரால் வழங்குகிறது. ஆயினும், பல நூற்றாண்டுகள் திருகாணிகளைக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகவே வெட்டினர். ஓர் ஆணிக்கெனச் செய்த சுரை மற்றோர் ஆணிக்குப் பொருந்தும் என்னும் உறுதி இல்லை. இரண்டையும் இணையாகக் கட்டிவைப்பதே வழக்கம்.

1800ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கிய மரைவெட்டும் கடைசல் இயந்திரம், ஒரே அளவுள்ள மரைகளைத் திரும்பத் திரும்ப வெட்டும் ஆற்றலைத் தந்தது. அவர் பட்டறையில் பயின்றவர்களுள் ஒருவரான ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841ஆம் ஆண்டு ஒரு பொதுமுறையை முன்மொழிந்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. 1864ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட வேறொரு முறையை முன்வைத்தார். 60 பாகைக் கோணத்தை அளந்து சரிபார்ப்பது எளிது. தட்டை முகட்டை வெட்டுவதும் எளிது.

இரு நாடுகளும் ஒவ்வொரு முறையைக் கைக்கொண்டதன் விலையை இரண்டாம் உலகப்போரில் செலுத்த நேர்ந்தது. ஒரே அணியில் நின்று போரிட்ட பிரிட்டனின் பொறிகளுக்கு அமெரிக்காவின் திருகாணிகள் பொருந்தவில்லை. போருக்குப்பின், 1948ஆம் ஆண்டு பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகை கொண்ட ஒருங்கிணைந்த மரைமுறையை ஏற்றன. 1947ஆம் ஆண்டு தோன்றிய பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுக்களுள் முதலாம் எண்ணைப் பெற்ற குழு, திருகு மரைகளுக்கான குழுவே. எம்6, எம்8, எம்10 என இன்று கடைகளில் கேட்டு வாங்கும் மெட்ரிக் திருகாணிகளின் அளவுகள் அந்நிறுவனத்தின் தரங்களில் வகுக்கப்பட்டவை.

கணினித்திரையில் மரை

1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரல், திரையில் நேரடியாக வரைந்து திருத்தும் வழியைக் காட்டியது. அதன் வழிவந்தவையே இன்றைய கணினிவழி வடிவமைப்பு மென்பொருள்கள். சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றை விலைகொடுத்துப் பெறவேண்டும். ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட் போன்றவற்றைக் கட்டணமின்றிப் பெற்று எவரும் பழகலாம்.

இவற்றில் மரையை உருவாக்கும் முறை, கடைசல் இயந்திரத்தின் செயலையே ஒத்தது. கடைசலில் உருளை சுழல, வெட்டுளி சீராக நகர்ந்து பள்ளம் வெட்டும். கணினியில் உருளை அசையாமல் நிற்க, வெட்டுமுகம் ஒன்று திருகுசுருள் பாதைவழியே சென்று பொருளை நீக்கும். பாதைவழியே வெட்டுமுகத்தை இழுத்துச் செல்லும் கட்டளைக்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். எம்10 மரையை இம்முறையில் உருவாக்கும் படிகள் வருமாறு:

1. 10 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, அதனைத் தேவையான நீளத்திற்கு உயர்த்தி உருளையாக்க வேண்டும்.

2. உருளையின் அச்சையே அச்சாகக் கொண்டு திருகுசுருள் பாதையை வரைய வேண்டும். ஒரு சுற்றுக்கான முன்னேற்றம் 1.5 மி.மீ. பாதை உருளையின் முனையிலேயே தொடங்காமல், ஒரு புரி அளவு வெளியிலிருந்து தொடங்குவது நன்று. அப்போதுதான் வெட்டு முழு ஆழத்தோடு ஆணியின் முனையில் நுழையும். சுரை எளிதில் ஏறும்.

3. அச்சு அடங்கிய தளத்தில் வெட்டுமுகத்தை வரைய வேண்டும். மெட்ரிக் மரையின் அடிப்படை 60 பாகைச் சமபக்க முக்கோணம். அதன் உயரம் புரியிடைவெளியின் 0.866 மடங்கு; இங்கு 1.299 மி.மீ. முகட்டில் எட்டில் ஒரு பங்கும் பள்ளத்தில் நான்கில் ஒரு பங்கும் மழுக்கப்படுவதால் எஞ்சும் ஆழம் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 0.812 மி.மீ. எனவே, பள்ளத்தின் வெட்டுமுகம் ஒரு சரிவகம். உருளையின் மேற்பரப்பில் அதன் அகலம் 1.3125 மி.மீ.; அடியில் 0.375 மி.மீ.

4. அவ்வெட்டுமுகத்தைப் பாதைவழியே இழுத்து, அது கடக்கும் பகுதியை உருளையிலிருந்து கழிக்க வேண்டும்.

படிகள் எளியன. எனினும், தொடக்கநிலையில் பயில்வோர் பலருக்கு நான்காம் படியில் பிழைச்செய்தியே கிடைக்கிறது. அதற்கான காரணங்களை அறிந்தால் தீர்வும் தெளிவாகும்.

திரை மறுப்பது ஏன்?

வெட்டுமுகத்தின் மேல்விளிம்பு உருளையின் மேற்பரப்போடு மிகச்சரியாக ஒன்றிவிட்டால், இரு பரப்புகளில் எது உள்ளே, எது வெளியே என்று மென்பொருளால் பிரித்தறிய இயலாமற்போகலாம். எனவே, வெட்டுமுகத்தைச் சற்று வெளியே நீட்டி வரைய வேண்டும். ஆனால், மிகுதியாக நீட்டுவதும் தவறு. 60 பாகைச் சரிவில் வெளியே நீட்ட நீட்ட அகலம் கூடும். 0.1 மி.மீ. நீட்டினால் அகலம் ஏறத்தாழ 1.43 மி.மீ.; இது புரியிடைவெளியான 1.5 மி.மீ.-ஐவிடக் குறைவு. 0.16 மி.மீ.-ஐத் தாண்டி நீட்டினாலோ அடுத்தடுத்த புரிகளின் வெட்டுமுகங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். தன்னைத்தானே வெட்டும் வடிவத்தைப் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்பதில்லை.

இரண்டாவது காரணம் வெட்டுமுகத்தின் நிலை. பாதை வளைந்து செல்லும்போது வெட்டுமுகம் எத்திசையை நோக்கி நிற்கவேண்டும் என்பதை மென்பொருளுக்கு உரைக்க வேண்டும். அச்சோடு ஒட்டிய நிலையில் அது திரும்பிக்கொண்டே செல்லாவிடில், இரண்டு மூன்று சுற்றுகளுக்குள் முக்கோணம் புரண்டு மரை உருக்குலையும். திருகுசுருளுக்கெனத் தனிக்கட்டளை உள்ள மென்பொருளில் இச்சிக்கல் பெரிதும் எழுவதில்லை.

மூன்றாவது காரணம் கணிதம் சார்ந்தது. வட்டத்தைத் துல்லியமாக எழுதவல்ல கணினி வளைகோட்டு முறையால்கூட, திருகுசுருளைத் துல்லியமாக எழுத முடியாது. அம்முறை பல்லுறுப்புக் கோவைகளின் விகிதங்களால் ஆனது. திருகுசுருளிலோ கோணத்தின் சைன், கோசைன் மதிப்புகளோடு கோணமும் நேர்விகிதத்தில் வளர்ந்துகொண்டே செல்கிறது. ஆதலின், மென்பொருள் பல சிறு துண்டுகளை இணைத்து மிக நெருங்கிய தோராயத்தையே உருவாக்குகிறது. ஒரு பொறியில் உள்ள நூறு திருகாணிகளுக்கும் மரையை வெட்டிக்காட்டினால் கணினி திணறுவது இதனாலேயே.

அதனால்தான் எல்லா இடத்திலும் மரையை வெட்டிக்காட்ட வேண்டுவதில்லை. பட்டறையில் மரைவெட்டும் கருவிகொண்டு வெட்டப்போகும் ஆணிக்கு, உருளையை மட்டும் வரைந்து ‘எம்10×1.5’ எனக் குறிப்பெழுதினால் போதும். அக்குறிப்பைக் கொண்டே தொழிலாளர் மரையை வெட்டுவார். முப்பரிமாண அச்சு இயந்திரமோ குறிப்பைப் படிப்பதில்லை. வடிவத்தை மட்டுமே அச்சிடும். அதற்கு அனுப்பும் கோப்பில் மரை முழு வடிவில் இருந்தே ஆகவேண்டும்.

வலமும் இடமும்

வலஞ்சுழியாகத் திருப்பும்போது திருப்புபவரை விட்டு விலகி முன்னேறும் மரை வலமரை. இடஞ்சுழியாகத் திருப்பும்போது அவ்வாறு முன்னேறுவது இடமரை. திருகாணியைத் தலைகீழாகத் திருப்பினாலும் வலமரை வலமரையாகவே இருக்கும். கண்ணாடியில் அதன் உருவத்தைப் பார்த்தாலோ இடமரையாகத் தோன்றும்.

இவ்வுண்மையை மறந்தால் நேரும் பிழை ஒன்று உண்டு. ஒரு பொருளின் இடப்பக்கத்தை வரைந்துவிட்டு, வலப்பக்கத்தைப் பெறுவதற்காக அதனைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகப் படியெடுப்பது வழக்கம். அப்பகுதியில் வெட்டப்பட்ட மரை இருந்தால், படியில் அது எதிர்ப்புரியாக மாறிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; பொருளைச் செய்து கையில் எடுத்தபின்னரே குற்றம் புலப்படும்.

எதிர்ப்புரி எங்கும் பிழையாவதில்லை. மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டையில் இருப்பது இடமரை. மிதிக்கும்போது அது கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. பற்றவைப்புப் பட்டறைகளில் ஆக்சிஜன் உருளையின் இணைப்பில் வலமரையும், எரியும் வாயுவான அசிட்டிலீன் உருளையின் இணைப்பில் இடமரையும் இருக்கும். ஒன்றின் குழாயை மற்றொன்றில் தவறியும் மாட்டிவிடக்கூடாது என்பதே நோக்கம். பால்டிமோரில் பொருந்தாமை கேடாயிற்று. இங்குப் பொருந்தாமையே காவலாகிறது.

தெரியுமா?

வங்காள விரிகுடாவில் கிடைக்கும் சங்குகளுள் மிகப் பெரும்பாலானவை இடம்புரிச் சங்குகள். வலம்புரிச் சங்கு அரிது. உயிரியலாளர் அந்த அரிய சங்கை ‘இடச்சுருள்’ என்றே வகைப்படுத்துவர். சங்கின் கூர்முனையை மேலாக வைத்து, வாய் எந்தப் பக்கம் உள்ளது என்று பார்ப்பது அறிவியல் மரபு. மரபுவழி வழக்கில் சங்கு தலைகீழாகப் பிடிக்கப்படுவதால் வாய் எதிர்ப்பக்கத்தில் தோன்றுகிறது. சங்கின் சுருள் மாறவில்லை. பெயரிடுவோர் பார்க்கும் முறைதான் மாறுகிறது.

தேவைக்கேற்ற மரை

பழைய தையல் இயந்திரம் ஒன்றின் சிறு திருகாணி தொலைந்துவிட்டது எனக் கொள்வோம். அதனை நம்பி வாழும் தையற்கலைஞருக்கு அவ்வாணி இன்றி வேலை இல்லை. அக்காலத் தையல் இயந்திரங்கள் பலவற்றில், நிறுவனங்கள் தமக்கென வகுத்துக்கொண்ட மரைகளே இருந்தன. ஆதலால், கடையில் கேட்டவுடன் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை.

இங்கு முதலில் செய்யவேண்டியது வரைதலன்று, அளத்தல். அதே இயந்திரத்தில் அத்தகைய வேறோர் ஆணி இருந்தால், அதன் ஒரு புரியை மட்டும் அளக்காமல் பத்துப் புரிகளின் நீளத்தை வெர்னியர் அளவியால் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 12.5 மி.மீ. எனக் கிடைத்தால் புரியிடைவெளி 1.25 மி.மீ.; அது மெட்ரிக் அளவு. 12.7 மி.மீ. எனக் கிடைத்தால் 1.27 மி.மீ.; அது அங்குலத்திற்கு 20 புரிகள் என்னும் அளவு. ஒரு புரியில் 0.02 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பதினாறு புரிகள் ஏறியபின் வேறுபாடு 0.32 மி.மீ. ஆகிவிடும். முதலிரண்டு சுற்றுகள் இலகுவாக ஏறி, பின்னர் இறுகி, இயந்திரத்தின் அகமரையையே அழித்துவிடும். ஆணி போனால் வேறோர் ஆணி செய்யலாம்; இயந்திரத்தின் உடலில் உள்ள அகமரை போனால் இழப்பு பெரிது.

அளந்தபின், அவ்வளவு தரப்பட்டியலில் உள்ளதா என்று தேட வேண்டும். வெளிவிட்டம் ஏறத்தாழ 6.3 மி.மீ., புரியிடைவெளி 1.27 மி.மீ. எனில் அது கால் அங்குலத் தரமரையாக இருக்கக்கூடும். விட்வொர்த் முறையிலும் ஒருங்கிணைந்த முறையிலும் கால் அங்குலத்திற்கு 20 புரிகளே. கோணம் மட்டுமே 55, 60 என வேறுபடும். மரை அளவியின் பற்களை ஆணியில் பொருத்தி ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், எந்தக் கோணம் இடைவெளியின்றிப் பொருந்துகிறது என்பது தெரியும். தரமரை எனில் வாங்குவதே அறிவுடைமை. பட்டியலில் இல்லை என்பது உறுதியானபின்னரே புதிய மரையை வரையத் தொடங்க வேண்டும்.

புதிய மரையை வகுப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எலும்பு முறிவுக்குப் பயன்படும் திருகாணிகளைப் பாருங்கள். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியைப் பற்றும் ஆணியில் மரை ஆழம் குறைந்து நெருக்கமாக இருக்கும். பஞ்சுபோன்ற உட்பகுதியைப் பற்றும் ஆணியில் மரை ஆழமாகவும் அகன்ற இடைவெளியோடும் இருக்கும். பற்றவேண்டிய பொருள் மென்மையாக இருப்பின், அதனை மிகுதியாக அணைத்துப்பிடிக்கும் வடிவம் வேண்டும். மரையின் வடிவைத் தீர்மானிப்பது வரைபவரின் விருப்பமன்று. எதிரே உள்ள பொருளின் இயல்பு.

அச்சிடும் மூடி: ஓர் எடுத்துக்காட்டு

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு டப்பாவையும் திருகுமூடியையும் செய்வதாகக் கொள்வோம். உருகிய நெகிழியை அடுக்கடுக்காகப் படியவைக்கும் அவ்வியந்திரம், தாங்குதல் இன்றி வெளியே நீளும் பகுதியைச் சரியாக அச்சிடாது. செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகை வரையிலான சரிவே பொதுவாகப் பாதுகாப்பானது. நிமிர்த்தி அச்சிடும்போது 60 பாகை மெட்ரிக் மரையின் அடிச்சரிவு இவ்வெல்லையைக் கடந்துவிடும். எனவே, 90 பாகைக் கோணமுள்ள மரையை வகுத்தால் இருபக்கச் சரிவும் 45 பாகையாக அமையும்.

புரியிடைவெளி 4 மி.மீ., மரையின் உயரம் 1.5 மி.மீ., முகட்டின் அகலம் 0.5 மி.மீ. எனக் கொண்டால், மரையின் அடி அகலம் 3.5 மி.மீ.; அடுத்த புரிவரை 0.5 மி.மீ. பள்ளம் எஞ்சும். இம்முறை பள்ளத்தை வெட்டாமல், உருளையின்மேல் மரையைச் சேர்த்தே வடிக்கலாம். மூடியின் அகமரைக்கு அதே வெட்டுமுகத்தை அச்சிலிருந்து 0.3 மி.மீ. வெளியே தள்ளி வைத்தால் விட்டத்தில் 0.6 மி.மீ. இடைவெளி கிடைக்கும். சரிவு 45 பாகை ஆதலால் அச்சுத் திசையிலும் இருபுறம் 0.3 மி.மீ. இடைவெளி தானே அமையும். இவ்விடைவெளியின்றிக் கணக்குப்படி சரியாக வரைந்த மூடி, கையில் எடுத்தால் ஏறவே ஏறாது. இயந்திரத்திற்கு இயந்திரம் இவ்வளவு மாறுபடும். ஆகையால், முழு மூடியை அச்சிடுமுன் இரண்டு புரிகள் மட்டும் உள்ள வளையத்தை அச்சிட்டுச் சோதிப்பது நேரத்தையும் நெகிழியையும் சேமிக்கும்.

மூடி விரைவாகத் திறக்கவேண்டுமெனில் மூன்று தொடக்கங்கள் உள்ள மரையை அமைக்கலாம். முப்புரிக் கயிறுபோல மூன்று வரிகள் அருகருகே ஏறும். புரியிடைவெளி 4 மி.மீ. ஆகவே இருக்க, ஒரு சுற்றில் மூடி முன்னேறும் தொலைவு 12 மி.மீ. ஆகும். இங்குக் கவனம் தேவை. திருகுசுருள் கட்டளைப்பெட்டியில் ‘பிட்ச்’ என்று கேட்கும் இடத்தில் மென்பொருள் வேண்டுவது ஒரு சுற்றின் முன்னேற்றத்தையே. ஆதலால், 4 அன்று, 12 என இடவேண்டும். ஒரு வரியை வரைந்தபின் அச்சைச் சுற்றி 120 பாகை இடைவெளியில் மூன்று படிகள் எடுத்தால் மரை முழுமைபெறும்.

எழுதிவைக்கும் கடமை

புதிய மரையை வகுப்பவருக்கு ஒரு கடமை உண்டு. வெளிவிட்டம், புரியிடைவெளி, ஒரு சுற்றின் முன்னேற்றம், தொடக்கங்களின் எண்ணிக்கை, கோணம், ஆழம், வலமா இடமா என்பது, புறமரைக்கும் அகமரைக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி ஆகிய எட்டையும் வரைபடத்திலேயே எழுதிவைக்க வேண்டும். மென்பொருளில் இவ்வளவுகளை எண்களாக அப்படியே இடாமல், பெயரிட்ட மாறிகளாக அமைத்தால் பின்னர் ஒன்றை மாற்றும்போது மற்றவை தாமே மாறும். பத்தாண்டுகள் கழித்து அம்மூடி உடைந்தால், அதனை வரைந்தவரை அறியாத ஒருவரும் அக்குறிப்பைக்கொண்டு புதிய மூடியைச் செய்துவிடுவார். குறிப்பு இல்லையேல், அவரும் தொலைந்த ஆணிக்காக ஊர் ஊராக அலையும் தையற்கலைஞரின் நிலைக்கே ஆளாவார்.

பால்டிமோருக்கு விரைந்த வீரர்கள் தம் கடமையில் தவறவில்லை. அவர்கள் ஏந்திவந்த குழாயின் வாயை வடித்தவர், அது ஒருநாள் வேறோர் ஊரின் நீர்க்கம்பத்தோடு இணையவேண்டி வரும் என்பதை எண்ணவில்லை. மரை தனித்து இயங்குவதன்று; அதனை ஏற்கும் மற்றொரு மரை எங்கோ இருக்கிறது. வரைபவர் அந்த மற்றொன்றையும் எண்ணியே வரைதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. செங்கோண முக்கோணத் தாளை எழுதுகோலில் சுருட்டித் திருகுசுருள் உருவாவதைக் காண்க. முக்கோணத்தின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் ஏற்படும் மாற்றத்தைப் பதிவுசெய்க.

2. உங்கள் பகுதியில் உள்ள மிதிவண்டிப் பழுதுநீக்கும் கடை அல்லது கடைசல் பட்டறைக்குச் சென்று, மரை தொடர்பாக அங்கு வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுக.

3. வீட்டில் உள்ள ஐந்து மூடிகளின் மரையை உற்றுநோக்கி, ஒவ்வொன்றும் எத்தனைத் தொடக்கங்கள் கொண்டது எனக் கண்டறிக.

இலக்கணக் குறிப்பு

திருகுசுருள் – வினைத்தொகை
பொருந்தா மரை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
பெருந்தீ – பண்புத்தொகை
வரம்பும் பள்ளமும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

வெட்டினர் – வெட்டு + இன் + அர்
வெட்டு – பகுதி
இன் – இறந்தகால இடைநிலை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

புணர்ச்சி விதி

பெருந்தீ – பெருமை + தீ
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி, பெரு + தீ
‘இனமிகல்’ என்னும் விதிப்படி, பெருந்தீ

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. புரியிடைவெளி 2 மி.மீ., நான்கு தொடக்கங்கள் கொண்ட மரை ஒரு சுற்றில் முன்னேறும் தொலைவு
அ) 2 மி.மீ. ஆ) 4 மி.மீ. இ) 6 மி.மீ. ஈ) 8 மி.மீ.

2. கண்ணாடிப் பிம்பமாகப் படியெடுத்த வலமரை
அ) மாறாது ஆ) இடமரையாகும் இ) தட்டைச்சுருளாகும் ஈ) புரியிடைவெளி இருமடங்காகும்

குறுவினா

1. தட்டைச்சுருள், திருகுசுருள் – வேறுபடுத்துக.
2. இறுக்கிய திருகாணி தானே கழலாமைக்குக் காரணம் யாது?

சிறுவினா

1. ஒரு புரியை அளக்காமல் பத்துப் புரிகளை அளப்பதன் தேவையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. அசிட்டிலீன் உருளையின் இணைப்பில் இடமரை அமைக்கப்படுவது ஏன்?

நெடுவினா

1. ‘பொருந்தாமை ஓரிடத்தில் கேடு, மற்றோரிடத்தில் காவல்’ – பாடப்பகுதியைக்கொண்டு நிறுவுக.
2. தேவைக்கேற்ற மரையைக் கணினியில் உருவாக்குபவர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளைத் தொகுத்து எழுதுக.